ஜேசன் லைப்ரரியை மாற்றினேன்: அளவீட்டில் பல மடங்கு வேகம், சேவையில் ஒரு மாற்றமும் இல்லை. பிழை எங்கே?

பட்டியல்காரன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். சிறு பதிப்பகங்களின் நூற்பட்டியல்களைத் திரட்டி, புத்தகக் கடைகளின் செயலிகளுக்கு ஜேசன் (நிரல்கள் தரவைப் பரிமாறும் உரை வடிவம்) வடிவில் வழங்கும் ஒரு சேவையைச் சில ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். பைத்தான் 3.12, பிளாஸ்க் (இணையச் சேவைச் சட்டகம்), போஸ்ட்கிரஸ் (தரவுத்தளம்) ஆகியவற்றைக் கொண்டே எல்லாம் ஓடுகிறது. தலைப்பு, நூலாசிரியர், பொருளடக்கம், பின்னட்டை வாசகம், வாசகர் கருத்து என்று ஒவ்வொரு பதிவிலும் இருப்பதில் பெரும்பகுதி தமிழ் உரைதான்.

பைத்தானுடன் இயல்பாகவே வரும் ஜேசன் தொகுதியைத்தான் இதுவரை பயன்படுத்தினேன். பட்டியல் பெரிதாகிப் பதில்கள் தாமதமாகத் தொடங்கியதால், ரஸ்டில் எழுதப்பட்ட ஆர்ஜேசன் லைப்ரரிக்கு மாறலாம் என்று முடிவு செய்தேன். மாறுவதற்கு முன் பைத்தானின் நேர அளவீட்டுக் கருவியான டைம்இட் கொண்டு அளந்து பார்த்தேன். ஒரு நூலின் முழுப் பதிவை நினைவகத்தில் ஏற்றி வைத்துக்கொண்டு, அதே பதிவை ஒரு லட்சம் முறை இரண்டு லைப்ரரிகளின் டம்ப்ஸ் (தரவை ஜேசனாக எழுதும்) செயற்கூறுக்கும் கொடுத்தேன். ஆர்ஜேசன் பல மடங்கு முந்தியது. அந்த மகிழ்ச்சியில் நிரலில் நான் நேரடியாக ஜேசன் தொகுதியை அழைத்திருந்த இடங்களையெல்லாம் மாற்றி, சோதனைச் சேவையகத்தில் ஏற்றினேன்.

பதில் நேரத்தில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் எதுவும் இல்லை. செயல்முறையின் நினைவகப் பயன்பாடுதான் முன்பைவிடச் சற்றுக் கூடியிருக்கிறது. போதாக்குறைக்கு, ஒரு கடையின் செயலி வெளியீட்டுத் தேதியை வாசிக்க முடியவில்லை என்று புகார் அனுப்பியிருக்கிறது. தேதி தொடர்பான நிரலை நான் தொடவே இல்லை.

என் அளவீடு தவறா, மாற்றிய முறை தவறா, அல்லது இரண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கொல்லன்பட்டறை (மறுமொழி)

வணக்கம். இரண்டுமே என்றுதான் தோன்றுகிறது. நான் அளவீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தேதியைப் பற்றி அறிந்தவர்கள் பின்னால் வருவார்கள்.

ஒரே பதிவை ஒரு லட்சம் முறை டம்ப்ஸுக்குக் கொடுத்தேன் என்கிறீர்கள். ஆங்கிலப் பதிவாக இருந்தால் அதில் பெரிய தவறில்லை. தமிழ்ப் பதிவாக இருப்பதால் அங்கேதான் சறுக்கல். பைத்தான் 3.3 முதல் ஒவ்வொரு எழுத்துச்சரமும் (சுருக்கமாகச் சரம்) தன்னுள் இருக்கும் குறிகளுக்கு (யூனிகோடில் தனி எண் பெற்ற எழுத்துக் கூறுகளுக்கு) ஏற்ற அகலத்தில் நினைவகத்தில் வைக்கப்படுகிறது. ஆஸ்கி (ஆங்கில எழுத்து, எண், நிறுத்தக்குறி) மட்டும் இருந்தால் குறிக்கு ஒரு பைட். தமிழ் கலந்துவிட்டால், இடைவெளியும் எண்களும் உட்பட, குறிக்கு இரண்டு பைட். ஆனால் ஆர்ஜேசன் வெளியே எழுதுவது யூனிகோடு குறிகளைப் பைட்டுகளாக்கும் யுடிஎஃப்-8 வடிவில். அதில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். ஆகவே ஒவ்வொரு தமிழ்ச் சரத்தையும் அது யுடிஎஃப்-8 வடிவத்துக்கு மாற்றியாக வேண்டும். அந்த மாற்றத்தைப் பைத்தானின் உள் செயற்கூறு ஒன்றிடம் அது கேட்டுப் பெறுகிறது. அந்தச் செயற்கூறோ ஒருமுறை மாற்றியதை அதே சரப் பொருளுக்குள் சேமித்து வைத்துவிடுகிறது. உங்கள் ஒரு லட்சம் சுற்றுகளில் முதல் சுற்று மட்டுமே மாற்றத்தின் செலவைச் சுமந்தது. மீதி எல்லாச் சுற்றுகளும் தயாராக இருந்த பைட்டுகளைப் படியெடுத்தன. உண்மையான சேவையில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் தரவுத்தளத்திலிருந்து புதுச் சரங்கள் வருகின்றன. அங்கே எல்லாச் சுற்றும் முதல் சுற்றுதான்.

இதை நீங்களே ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். “தமிழ்” என்னும் சொல் மட்டும் உள்ள ஒரு ஜேசன் உரையை, ஜேசனை வாசிக்கும் லோட்ஸ் கொண்டு ஏற்றுங்கள். வந்த சரத்தின் அளவை சிஸ் தொகுதியின் கெட்சைஸ்ஆஃப் கொண்டு கேட்டு, அதே சரத்தை ஆர்ஜேசனின் டம்ப்ஸுக்கு ஒருமுறை கொடுத்துவிட்டு மீண்டும் கேளுங்கள். அளவு 16 கூடியிருக்கும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். குறிக்கு மூன்றாகப் பதினைந்து பைட், முடிவைக் குறிக்க ஒன்று. நினைவகம் சற்றுக் கூடியதாகச் சொன்னீர்களே, நீண்ட காலம் வாழும் சரங்கள் உங்கள் செயல்முறையில் நிறைய இருந்தால் (நூலாசிரியர் பட்டியலையோ வகைப் பட்டியலையோ நினைவகத்திலேயே வைத்திருக்கிறீர்களா?) அதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

இரண்டாவது, டைம்இட் அளக்கும்போது பைத்தானின் குப்பை சேகரிப்பியை (பயனற்றுப்போன பொருள்களின் நினைவகத்தை மீட்கும் பகுதியை) இயல்பாகவே நிறுத்திவைக்கிறது. டம்ப்ஸில் இதனால் பெரிய வேறுபாடு வராது, லோட்ஸில் வரும். ஒரு பெரிய ஆவணத்தை வாசிக்கும்போது ஆயிரக்கணக்கில் அகராதிகளும் பட்டியல்களும் பிறக்கின்றன. உண்மைச் சேவையில் அவை பிறக்கப் பிறக்கக் குப்பை சேகரிப்பியும் இடையிடையே விழித்துக்கொள்ளும். இரண்டு லைப்ரரிகளும் உருவாக்குவது அதே பொருள்களைத்தான் என்பதால், அந்தச் செலவு இரண்டின் மேலும் ஏறக்குறைய ஒரே அளவில் ஏறி, இடைவெளியைக் குறுக்கிவிடும். டைம்இட்டின் தயாரிப்பு வரியில் குப்பை சேகரிப்பியை இயக்கும் கட்டளையைச் சேர்த்து அளந்தால்தான் நடப்பு நிலவரம் தெரியும்.

எந்தக் கோப்பை வைத்து அளப்பது என்பதும் முக்கியம். ஜேசன் லைப்ரரிகளை ஒப்பிடுபவர்கள் வழக்கமாக எடுப்பவை ட்விட்டர், கனடா, சிஐடிஎம் கேட்டலாக் என்னும் மூன்று கோப்புகள். கனடா கோப்பு அந்நாட்டு எல்லைக்கோட்டின் ஆயத்தொலைவுகள். ஏறத்தாழ முழுவதும் தசம எண்கள்தான். எண் வாசிப்பில் வேகமான லைப்ரரி அதில் கொடி நாட்டும். பின்னட்டை வாசகத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு? ட்விட்டர் கோப்பில் ஜப்பானிய உரை நிறைய இருப்பதால் அது உங்கள் நிலைமைக்குக் கொஞ்சம் நெருக்கம். அதைவிட, உங்கள் சேவையிலிருந்தே சிறியது, நடுத்தரமானது, மிகப் பெரியது என ஐம்பது நூறு பதில்களைச் சேமித்து அவற்றை வைத்து அளப்பதே சரி.

மடிக்கணினியில் அளந்திருந்தால் மின்சிக்கன நிலையையும் கவனியுங்கள். மையச் செயலகத்தின் கடிகார வேகம் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால், பிறகு ஓடிய லைப்ரரி சூடேறிய இயந்திரத்தில் ஓடியிருக்கும். பைபெர்ஃப் என்னும் கருவி அளவீட்டைப் பல தனித்தனிச் செயல்முறைகளில் ஓட்டிச் சிதறலையும் சேர்த்துக் காட்டுகிறது. டைம்இட் தரும் ஒற்றை எண்ணைவிட அதை நம்பலாம்.

கடைசியாக ஒரு கணக்கு. ஒரு கோரிக்கைக்கு 100 மில்லிநொடி ஆகிறது, அதில் ஜேசன் எழுதுவதற்கு 10 என்று வைத்துக்கொள்வோம். அதைப் பத்து மடங்கு வேகமாக்கினாலும் மொத்தம் 91-க்குத்தான் இறங்கும். மாற்றத்துக்கு முன்பே பை-ஸ்பை போன்ற ஒன்றைச் சேவையின் மேல் ஓட்டி, நேரம் எங்கே போகிறது என்று பார்த்திருந்தால் இந்தக் கேள்வியே வேறு விதமாக அமைந்திருக்கும்.

பட்டியல்காரன்

மிக்க நன்றி. கெட்சைஸ்ஆஃப் சோதனையைச் செய்தேன்; சொன்னபடியே 16 கூடுகிறது. பத்தாண்டுகளாகப் பைத்தான் எழுதுகிறேன், ஒரு சரத்தின் அளவு அதை யாரோ வாசித்ததால் கூடும் என்று நான் நினைத்ததே இல்லை. ஆம், நூலாசிரியர் பட்டியல் முழுவதும் நினைவகத்தில்தான் இருக்கிறது.

பை-ஸ்பையும் ஓட்டினேன். விந்தை என்னவென்றால், நான் நீக்கிவிட்டதாக நினைத்த பழைய ஜேசன் தொகுதி இன்னும் அதில் தெரிகிறது. எங்கிருந்து வருகிறது என்று புரியவில்லை.

பழைய_தச்சன் (மறுமொழி)

பிளாஸ்கிலிருந்து வருகிறது. அதன் ஜேசனிஃபை செயற்கூறு மூலம் பதில் அனுப்புகிறீர்கள் என்றால், அல்லது காட்சிச் செயற்கூறிலிருந்து அகராதியை அப்படியே திருப்பித் தருகிறீர்கள் என்றால், உங்கள் நிரலில் எத்தனை அழைப்புகளை மாற்றினாலும் பிளாஸ்க் தன்னுடைய ஜேசன் வழங்கியையே (ஜேசனை எழுதி வாசிக்கும் தன் உள் பகுதியையே) பயன்படுத்தும். 2.2 பதிப்பு முதல் அந்த வழங்கியை ஒரு வகுப்பாகவே தனியே பிரித்துவைத்திருக்கிறார்கள். அதிலிருந்து கிளை வகுப்பு எழுதி, அங்கே ஆர்ஜேசனைப் பொருத்த வேண்டும். அப்படிப் பொருத்தும்போது இன்னொன்று: ஆர்ஜேசன் தருவது சரம் அல்ல, பைட்டுகள். அதை வழக்கப்படி டீகோட் செய்து சரமாக்கிப் பிளாஸ்கிடம் கொடுத்தால், பிளாஸ்க் அதை மீண்டும் பைட்டுகளாக்கும். பதிலை உருவாக்கும் இடத்திலேயே பைட்டுகளை அப்படியே ஒப்படைத்துவிடுங்கள்.

இனித் தேதி. பழைய தொகுதிக்குத் தேதிப் பொருளை எழுதத் தெரியாது. ஆகவே, தெரியாத வகையை எப்படி எழுதுவது என்று சொல்லும் டீஃபால்ட் என்னும் இடத்தில் நீங்கள் ஒரு செயற்கூறு கொடுத்திருப்பீர்கள். அது தேதியை நாள், மாதம், ஆண்டு என்றோ வேறு விதமாகவோ எழுதியிருக்கும். ஆர்ஜேசனுக்குத் தேதியைத் தானே எழுதத் தெரியும், ஆண்டை முன்வைக்கும் ஆர்எஃப்சி 3339 (ஆர்எஃப்சி என்பது இணையத் தர ஆவணம்) வடிவத்தில். தெரிந்த வகைக்கு அது டீஃபால்ட் செயற்கூறை அழைப்பதே இல்லை. பிழைச் செய்தி வராது, எச்சரிக்கை வராது. உங்கள் செயற்கூறு நிரலில் அப்படியே இருக்கும், ஓடாது. நீங்கள் தேதி நிரலைத் தொடவில்லை என்று சொன்னது முழு உண்மை. தேதியை உங்கள் செயற்கூறுக்கே விட்டுவிடச் சொல்லும் ஒரு விருப்பக் குறி இருக்கிறது. டேட்டாகிளாஸ் பொருள்களுக்கும் அதேபோல் ஒன்று உண்டு. இந்த வகை மாற்றத்தைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். சத்தம் போட்டு உடைவதைச் சோதனையிலேயே பிடித்துவிடலாம்.

சத்தம் போடுபவை இவை. அகராதியின் சாவி எண்ணாக இருந்தால் பழைய தொகுதி அதைச் சரமாக்கி எழுதிவிடும். ஆர்ஜேசன் தனி விருப்பம் கொடுக்காத வரை மறுக்கும். 64 பிட்டுக்கு அடங்காத முழு எண்ணையும் எழுத மறுக்கும். டெசிமல் வகையை இரண்டுமே மறுக்கும் என்பதால் விலைக்கு எழுதிய உங்கள் டீஃபால்ட் அங்கே தொடர்ந்து வேலை செய்யும்.

சத்தம் போடாதவற்றில் இன்னும் இரண்டு உண்டு. எண் அல்லாததைக் குறிக்கும் நேன் மதிப்பைப் பழைய தொகுதி அப்படியே எழுதிவிடும், அது ஜேசன் இலக்கணப்படி செல்லாது என்றாலும். ஆர்ஜேசன் அதன் இடத்தில் வெற்று மதிப்பைக் குறிக்கும் ‘நல்’ (null) என்று எழுதும். சராசரி மதிப்பெண் போன்ற புலம் இருந்தால் பாருங்கள். மற்றொன்று, வெளியீட்டின் பைட்டுகளே மாறிவிடும். பழைய தொகுதி காற்புள்ளிக்கும் முக்காற்புள்ளிக்கும் பின்னால் இடைவெளி விடும், புதியது விடாது. பிளாஸ்கின் வழங்கி சாவிகளை அகரவரிசைப்படுத்தும். ஆர்ஜேசனிடம் கேட்டால்தான் வரிசைப்படுத்தும். பதிலின் மேல் ஹேஷ் அல்லது கையொப்பம் கணக்கிட்டு எங்கேனும் ஒப்பிடுகிறீர்கள் என்றால், பொருளில் ஒரு மாற்றமும் இல்லாமலேயே எல்லாக் கையொப்பமும் பொய்த்துப்போகும். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு மொழியில், வேறொரு லைப்ரரியில், இதே காரணத்தால் ஓர் ஞாயிற்றுக்கிழமையை இழந்தவன் நான்.

சிற்றெறும்பு (மறுமொழி)

மூத்தவர்கள் சொன்னவற்றில் மறுக்க ஒன்றும் இல்லை. ஆனால் மாற்றம் தேவைதானா என்று யாரும் கேட்கவில்லையே என்பதால் எழுதுகிறேன்.

பழைய தொகுதி இயல்பு நிலையில் ஆஸ்கி அல்லாத குறிகளை விரித்து எழுதுகிறது; ஒவ்வொரு தமிழ்க் குறியும் பின்சாய்கோட்டில் தொடங்கும் ஆறு ஆஸ்கி குறிகளாகிறது. “தமிழ்” என்னும் சொல் யுடிஎஃப்-8 வடிவில் 15 பைட். இப்படி விரித்தால் 30. தமிழ் உரை முழுவதும் இரட்டிப்பாகிறது. ஜிஜிப் சுருக்கம் இருந்தால், திரும்பத் திரும்ப வரும் அந்த முன்னொட்டுகள் நன்றாக ஒடுங்கிவிடுவதால், கம்பி வழியே போகும் அளவில் வேறுபாடு பெரிதாகத் தெரியாது. ஆயினும் விரிப்பது, விரித்ததைச் சுருக்குவது, மறுமுனையில் அவிழ்ப்பது, ஆறு ஆறாக எடுத்து மீண்டும் எழுத்தாக்குவது என்று இரு பக்கமும் உழைக்கத்தான் வேண்டும். மறுமுனையில் இருப்பது ஒரு கடையின் பழைய கைப்பேசி என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். என்ஷ்யூர் ஆஸ்கி என்னும் அளபுருவைப் பொய் என்று கொடுத்தால் போதும், விரிப்பது நின்றுவிடும். பிளாஸ்க் வழங்கியிலும் அதே பெயரில் அது இருக்கிறது, இயல்பாக மெய் என்ற நிலையில். 2017-இல் வந்த ஆர்எஃப்சி 8259, அமைப்புகளுக்கிடையே பரிமாறும் ஜேசன் யுடிஎஃப்-8 வடிவில்தான் இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே தமிழை நேராக எழுத அஞ்ச வேண்டிய காலம் கடந்துவிட்டது.

கேள்வியாளர் செய்த ஒப்பீட்டில் ஒரு பக்கம் விரித்து எழுதியது, மறுபக்கம் நேராக எழுதியது. இரண்டும் ஒரே வேலையே அல்ல. பழைய தொகுதிக்கும் அந்த அளபுருவைக் கொடுத்து அளந்திருந்தால்தான் அது லைப்ரரிக்கும் லைப்ரரிக்கும் இடையிலான போட்டி.

இன்னொரு சிறு செய்தி. இரவில் முழுப் பட்டியலையும் கோப்பாக எழுதும் பணி ஏதேனும் இருந்தால், அங்கே டம்ப் என்று அழைக்கிறீர்களா, டம்ப்ஸ் என்று அழைத்துப் பிறகு கோப்பில் எழுதுகிறீர்களா என்று பாருங்கள். நீங்கள் சொன்ன 3.12-இல் டம்ப்ஸ் மட்டுமே சி மொழியில் எழுதப்பட்ட விரைவு வழியில் போகிறது. கோப்பில் நேராக எழுதும் டம்ப், பைத்தானிலேயே எழுதப்பட்ட மெதுவான வழியில் துண்டு துண்டாக எழுதுகிறது. அழகுக்காக உள்தள்ளல் கேட்டால் டம்ப்ஸும் அதே மெதுவான வழிக்கு இறங்கிவிடும். நினைவகம் இடம் கொடுத்தால் டம்ப்ஸ், பிறகு எழுதுதல். ஓர் எழுத்தைச் சேர்த்துக் கிடைக்கும் வேகம் அது. ஆர்ஜேசனில் கோப்புக்கு நேராக எழுதும் செயற்கூறே கிடையாது.

கொல்லன்பட்டறை

விரித்து எழுதுவதை நான் சொல்லாமல் விட்டது என் பிழை; அதுதான் முதலில் சொல்லியிருக்க வேண்டியது. ஒரு சேர்க்கை மட்டும்: சேவையகம் பல இழைகளில் ஓடுகிறது என்றால், ஆர்ஜேசன் தன் வேலை முடியும் வரை பைத்தானின் பொதுப் பூட்டை (ஒரு நேரத்தில் ஓர் இழையை மட்டும் ஓடவிடும் பூட்டை) பிடித்துக்கொண்டே இருக்கும். மிகப் பெரிய பதிலை எழுதும்போது மற்ற இழைகள் காத்திருக்கத்தான் வேண்டும். பழைய தொகுதியின் டம்ப்ஸும் அப்படித்தான் என்றாலும், ஒற்றை இழையில் அளந்த எண்ணை இழைகளின் எண்ணிக்கையால் பெருக்கிக் கனவு காணக் கூடாது.

பட்டியல்காரன்

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். முதலில் லைப்ரரி மாற்றத்தை முழுவதும் பின்வாங்கிவிட்டு, பிளாஸ்க் வழங்கியில் என்ஷ்யூர் ஆஸ்கியை மட்டும் அணைத்தேன். கடைச் செயலிகளில் பட்டியல் திறக்கும் தாமதம் அதிலேயே குறைந்துவிட்டது. இரவுப் பணியில் டம்ப் என்றிருந்ததை டம்ப்ஸ் ஆக்கினேன். அதுவும் முன்னதாக முடிகிறது.

அதன் பிறகே ஆர்ஜேசனை மீண்டும் எடுத்தேன். இம்முறை ஒரு நாளின் உண்மைக் கோரிக்கைகளையும் பதில்களையும் சேமித்து, இரண்டு லைப்ரரிகளாலும் வாசித்து எழுதி, விளைந்த பொருள்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டேன். தேதி, சாவி எல்லாம் சரியாயின. ஆனால் வாசகர் கருத்துகளில் சிலவற்றை ஆர்ஜேசன் வாசிக்கவே மறுத்தது. எல்லாமே ஈமோஜியில் பாதியோடு முடிந்த கருத்துகள்! கடைச் செயலி ஒன்று ஜாவாஸ்கிரிப்டில் கருத்தின் நீளத்தைக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் வெட்டுகிறது. ஜாவாஸ்கிரிப்ட் எண்ணுவது யுடிஎஃப்-16 அலகுகளை. ஓர் ஈமோஜிக்குப் பெரும்பாலும் அப்படி இரண்டு அலகு. கத்தி நடுவில் விழுந்தால் முதல் பாதி மட்டும் துணையின்றி வந்து சேர்கிறது. பழைய தொகுதி அதை எதுவும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டு, எதுவும் சொல்லாமல் திருப்பியும் எழுதிவந்திருக்கிறது. தரவுத்தளத்தில் அந்தக் கருத்துகள் ஏன் பதிவாகாமல் போகின்றன என்று ஒரு பழைய புகார் எங்கள் பட்டியலில் திறந்தே கிடந்தது. போஸ்ட்கிரஸும் அந்தப் பாதியை ஏற்பதில்லை என்பது இப்போதுதான் பொருந்தி வருகிறது.

வெட்டும் இடத்தைச் செயலியில் திருத்தச் சொல்லியிருக்கிறேன். எல்லாக் கடைகளும் புதுப் பதிப்புக்கு மாறும் வரை கோரிக்கையை வாசிக்கும் பக்கத்தில் பழைய தொகுதியே இருக்கும், துணையற்ற பாதிகளைக் களையும் ஒரு சிறு செயற்கூறோடு. பதில் எழுதும் பக்கத்தில் மட்டும் ஆர்ஜேசன். மூவருக்கும் நன்றி, இந்த விவாத இழையைத் தீர்ந்ததாகக் குறித்துவிடுகிறேன்.